திடீர்ச் செலவுக்கு ஒரு நாள்காட்டி

போன ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, மோட்டார் சுவிட்சைப் போட்டால் வெறும் முனகல்தான் வந்தது, தண்ணீர் ஏறவில்லை. எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துவிட்டு, "காயில் போயிடுச்சு சார்" என்றார். 3,800 ரூபாய். அதே வாரத்தில் கரண்ட் பில், வண்டி இன்சூரன்ஸ், சொத்து வரி. ஆத்திரத்தில் மோட்டாரைத் திட்டினேன். யோசித்தால், அந்த நாலில் சொல்லாமல் வந்தது அது ஒன்றுதான். மற்ற மூன்றும் வருஷா வருஷம் வருபவை.

அதனால் முதல் வேலை: தினசரி காலண்டரையும் போன வருட பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மாதாமாதம் வராத செலவு ஒவ்வொன்றையும் அது வரும் மாதத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் இது: ஸ்கூல் ஃபீஸ் 24,000, தீபாவளி 12,000, மொய் 6,000, கோடையில் கூடும் கரண்ட் பில் 4,000, சொத்து வரி இரண்டு தவணையும் சேர்த்து 3,600, வண்டி சர்வீஸும் டயரும் 3,000, இன்சூரன்ஸ் 1,400. மொத்தம் 54,000. மொய்யை மறந்துவிடாதீர்கள், வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகைகள் வரிசையாக வரும்.

அடுத்து, 12-ஆல் வகுங்கள். மாதம் 4,500. சம்பளம் வந்த அன்றே இது வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணக்கை ஜிபே-யில் இணைக்காதீர்கள், அவ்வளவுதான் ரகசியம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மார்ச்சில் ஆரம்பித்தால் ஜூன் ஃபீஸுக்கு மூன்றே மாதம். 4,500 வீதம் போட்டால் 13,500தான் சேரும். முதல் வருடம் மட்டும் பக்கத்தில் இருக்கும் செலவை மீதி மாதங்களால் வகுங்கள். முடியாவிட்டால் பள்ளியில் தவணை கேளுங்கள். கடைசி நாளில் கேட்பதைவிட ஏப்ரலில் கேட்டால் மரியாதையாகப் பேசுவார்கள்.

கரண்ட் பில்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைக்காதீர்கள். அட்டவணையே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ரீடிங் எடுத்த முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். அந்த ரீடிங்கிலிருந்து ஓடியது 250 யூனிட்டை நெருங்கியிருந்தால் ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக அணைக்கலாம். பில் வந்தபின் அதிர்ச்சியாக இருந்தால், கட்டுவதற்கு முன் பில்லில் உள்ள ரீடிங்கை மீட்டரோடு ஒப்பிடுங்கள்.

சொத்து வரியில் சின்ன லாபம்: நகர்ப்புறங்களில் அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி.

அப்புறம் மோட்டார். மோட்டார், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரியானவற்றுக்குத் தனியாக 10,000 ரூபாய் வையுங்கள். ஒரே நாளில் வேண்டாம், மாதம் 500 போதும். எடுத்தால் திரும்ப நிரப்புங்கள். தீபாவளித் துணிக்கு அதில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்; ஒருமுறை மீறியது நான்தான்.