பின் அக்சில் ஷாஃப்டை வீட்டில் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் திரும்ப வரத் தொடங்க 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடமும் கொழும்பில் பழைய வான்களைத்தான் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார்கள், இன்னும் ஓட்டுகிறார்கள். கராஜ் கூலியும் ஏறிப்போனதால், பின்சில்லைச் சுழற்றும் இரும்புத் தண்டான அக்சில் ஷாஃப்டை மாற்றுவது போன்ற பெரிய வேலையைக்கூட வீட்டு வாசலிலேயே முடித்துவிடப் பார்க்கிறவர்கள் பலர். முடியாத வேலையல்ல. ஆனால் ஷாஃப்டை மாற்றுவதோடு வேலை தீர்ந்தது என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. ஷாஃப்ட் தானாக உடைவது அபூர்வம்.

நான் சொல்வது ஹைஏஸ், டவுன்ஏஸ், சுசுகி எவ்ரி போன்ற, பின்சில்லு இழுக்கும் வான்களைப் பற்றி. முன்சில்லு இழுக்கும் ஆல்ட்டோ, வாகன்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் பின்பக்கம் வெறும் பீம்தான், உள்ளே சுழலும் ஷாஃப்ட் கிடையாது.

உடைந்த துண்டைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அதன் முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி மழமழவென்று மங்கலாக, அலை வடிந்த மணலில் கிடக்கும் வரிகள் போல வளைந்த கோடுகளோடும், மிச்சப் பகுதி சொரசொரப்பாகப் பொருக்கு வெடித்த மாதிரியும் இருந்தால், வெடிப்பு பல காலமாக உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அளவுக்கு மிஞ்சிய பாரம், தேய்ந்த பெயாரிங், ஷாஃப்டை மூடி நிற்கும் இரும்புக் கூடான ஹவுசிங் வளைந்தது இவற்றில் ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது. பல்லுள்ள முனையில் பற்கள் நேராக ஓடாமல் முறுக்கிக்கொண்டிருந்தால் அது வேறு வகை: சேற்றில் புதைந்த வண்டியை கிளட்சைப் படாரென்று விட்டு இழுத்தது மாதிரியான ஒரே அடி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்தது கடை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மொடலையும் வருடத்தையும் மட்டும் சொன்னாலும் ஒரு ஷாஃப்டை எடுத்துத் தருவார்கள். நல்ல கடைக்காரர் முதலில் கேட்பது, “பழசக் கொண்டு வந்தீங்களா அண்ணே?” என்றுதான். கொண்டு போங்கள். பல வான்களில் இடது ஷாஃப்டும் வலது ஷாஃப்டும் ஒரே நீளமல்ல. பல் எண்ணிக்கை, சில்லு ஸ்டட் இடைவெளி, ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் காக்கும் பிரேக்) உள்ள வண்டியென்றால் அதன் வளையம் எல்லாவற்றையும், பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ரீகண்டிஷன் ஷாஃப்ட் என்றால் ஒயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஒயில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் எந்தப் புதுச் சீலும் அங்கே ஒயிலைப் பிடித்து நிற்காது. வளைவு கண்ணுக்குத் தெரியாது. லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மாட்டிச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெல்டிங் பிடித்த ஷாஃப்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த வகை வான்கள் பலவற்றில் வண்டியின் பாரமே ஷாஃப்டின் மீதுதான் நிற்கிறது. பெயாரிங்குக்கு வெளியே அது முறிந்தால் சில்லு பிரேக் டிரம்மோடு கழன்று தனியாக ஓடும்.

ஜக் அடிக்கும்போது நடக்கும் தவறுதான் உயிரோடு விளையாடுவது. ஹாண்ட் பிரேக் இழுத்திருக்கிறேன், கியரில் போட்டிருக்கிறேன், வண்டி நகராது என்று நம்புவார்கள். இந்த வண்டிகளில் ஹாண்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளை. அவற்றைத் தூக்கிவிட்டால் எதைப் பிடிக்கும்? தவிர, டிரம்மைக் கழற்ற அதைத் தளர்த்தியே ஆகவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் மற்றச் சில்லு நிலத்தில் இருக்கிறதே என்ற சமாதானமும் செல்லாது. தூக்கிய சில்லு சும்மா சுற்ற, இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷல் இடம் கொடுக்கும், வண்டி உருளும். ஓட்டோ கியரில் ‘பி’யில் போட்டிருந்தாலும் இதே கதைதான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் சரிவு கண்ணுக்குப் படாது, சில்லுக்குத் தெரியும். முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் இரண்டு ஸ்டாண்ட் போடுங்கள். மதிய வெயிலில் தார் இளகி ஸ்டாண்ட் கால் புதையும், அடியில் தடித்த பலகை வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை இருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

டிஃபரன்ஷல் ஒயிலை வடிக்குமுன் மேலே உள்ள நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று பாருங்கள். கீழ் பிளக்கைக் கழற்றி எல்லாம் வடிந்தபின் மேல் பிளக் துருப்பிடித்து அசையாவிட்டால், ஒயில் இல்லாத வண்டியோடு நடுவாசலில் நிற்பீர்கள். மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று செய்யும் வேலை இது. முதல் நாள் இரவே துருநீக்கி அடித்து ஊறவிடுங்கள்.

கழற்றும்போது ஷாஃப்ட் வராவிட்டால் நெம்பாதீர்கள், பின்னாலுள்ள பிரேக் பிளேட் வளையும். பிரேக் டிரம்மைத் திருப்பி ஸ்டட்டில் வைத்து, நட்டுகளை ஒன்றிரண்டு சுற்று மட்டும் ஏற்றி, டிரம்மை வெளிப்பக்கம் சுண்டி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். சில வண்டிகளில் பிரேக் பிளேட்டும் சேர்ந்தே வரும். அவற்றில் பிரேக் பைப்பையும் ஹாண்ட் பிரேக் கேபிளையும் முதலே விடுவிக்க வேண்டும், கடைசியில் பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியே எடுக்கவும் வேண்டும். வெளியே எடுக்கும்போதும் திரும்ப விடும்போதும் ஷாஃப்டைக் கையால் ஏந்திப் பிடியுங்கள். அதன் பற்கள் சீலின் உதட்டில் உரசினால் புதுச் சீல் அன்றே கிழிந்தது.

முறிந்த துண்டு உள்ளே கிடந்தால் அதை எடுக்காமல் மூடக்கூடாது. காந்தம் கட்டிய கம்பி உதவும். மறுபக்கத்தால் கம்பி விட்டுத் தள்ளலாம் என்பார்கள். பல டிஃபரன்ஷல்களில் நடுவே சின்னப் பல்சக்கரங்களைத் தாங்கும் பினியன் ஷாஃப்ட் குறுக்கே நிற்கும், தள்ள வழியிருக்காது. ஒயிலில் இரும்புத் துகள் மினுங்கினால் டிஃபரன்ஷலை இறக்கித்தான் ஆகவேண்டும்.

பெயாரிங் ஏற்றும் வேலை வீட்டுக்குரியதல்ல. பிரஸ் உள்ள கடைக்குக் கொண்டு போங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய பெயாரிங்கின் உருளைகள் அடி வாங்கி, கொஞ்ச நாளில் ஊளையிடத் தொடங்கும். கடையிலும் இரண்டு விஷயங்களை நின்று கவனியுங்கள். பெயாரிங்குக்கு முன் ரிட்டெய்னர் பிளேட்டைக் (பெயாரிங்கை ஹவுசிங்கோடு பிடித்து வைக்கும் தகட்டை) கோத்தார்களா? மறந்தால் திரும்ப எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். பெயாரிங்கைப் பிடித்து நிற்கும் இறுக்க வளையம் புதிதா? ஒருமுறை கழன்ற வளையத்தைத் திரும்பப் போடக்கூடாது. அதை வெட்டும்போது கிரைண்டர் ஷாஃப்டில் கீறினால், அடுத்த வெடிப்பு அந்தக் கீறலில்தான் பிறக்கும்.

சீல் மாற்றியும் மாற்றியும் ஒயில் கசிகிறது என்று புலம்புகிறவர்கள் ஹவுசிங்கின் மேலுள்ள சின்ன மூச்சுக்குழாயைப் பார்ப்பதே இல்லை. அது சேற்றால் அடைத்தால் சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஒயிலைச் சீல் வழியே தள்ளும். ஒயிலில் ஊறிய பிரேக் சூவைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுவதும் வேண்டாம், புதிது வாங்குங்கள்.

ஒயில் பெரும்பாலும் ஜிஎல்-5 என்ற கியர் ஒயில் தரத்தில், தடிப்பு 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90. உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்கும்போது நிரப்பும் துவாரத்தின் விளிம்பைத் தொடும் வரை ஊற்றினால் போதும். பின்பக்கம் தூக்கியபடியே ஊற்றினால் அளவு பிழைக்கும். பழைய ஒயிலைக் கானுக்குள் கவிழ்க்காமல் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

கொஞ்சத் தூரம் ஓட்டிவந்து சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். டிரம் இரண்டின் அருகேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், மாற்றிய பக்கம் மட்டும் கூடச் சூடாக இருக்கக்கூடாது. பிறகு அளவு நாடாவை எடுத்து, பின் டயர் இரண்டின் முன்விளிம்புகளுக்கு இடையிலும் பின்விளிம்புகளுக்கு இடையிலும், சில்லின் நடு உயரத்தில் அளவுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக வரவேண்டும். பல மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. அதை வீட்டில் நிமிர்த்த முடியாது. ஹவுசிங்கை மாற்றும் வரை பாரம் ஏற்றாதீர்கள்.