வரலாற்று வகுப்பில் திரைப்படம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை விடும்வரை பிள்ளைகளை இருத்திவைக்க ஒரு படத்தை முழுதாக ஓடவிடுவது, மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளுக்குப் புதிதல்ல. ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம் 167 நிமிடம் ஓடுகிறது. 40 நிமிடப் பாடவேளைகள் நான்கும் அதற்குப் போதா. பாடத்துக்கு வேண்டிய பகுதியோ பத்து நிமிடத்தைத் தாண்டாது. அதை முன்கூட்டியே வெட்டி எடுத்து வைக்காததுதான் முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, படத்தையே சான்றாகக் கொள்வது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, துரோகிகளெனக் குறிக்கப்பட்ட சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரினதும் அவர்களுடைய உறவினரதும் உடைமைகள் பறிக்கப்பட்டதைக் கூறுகிறது. அவர்கள் எதற்காகக் கொன்றார்கள் என்பதைக் கூறவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, படத்தின் மூலநாவலை எழுதிய கல்கி படைத்த பாத்திரமே நந்தினி. கல்வெட்டுச் செய்தியை முதலில் வாசிக்கக் கொடுத்து, காட்சியைப் பின்னர் காட்டினால், எது சான்று, எது கற்பனை என்பதை மாணவரே பிரித்தெடுப்பர். வரிசை மாறினால் விடைத்தாளில் நந்தினியும் வரலாற்று மாந்தராகிவிடுவாள்.

1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்திலும் இதே சிக்கல் உண்டு. கட்டபொம்மன் 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது நடந்த நிகழ்வு. ஆனால் நம் பிள்ளைகள் மேடையில் முழங்கும் அந்த வரி மறுப்பு வசனம், படத்துக்கு உரையாடல் எழுதியவரின் ஆக்கம். வெள்ளையர் வெளியேறிப் பன்னிரண்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட அப்படம், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799ஐக் காட்டிலும் 1950களின் தமிழக உணர்வையே தெளிவாகக் காட்டுகிறது என்பேன். எனவே படம் எந்த ஆண்டில், யாருக்காக எடுக்கப்பட்டது என்று கேட்காமல் விடக்கூடாது.

‘பொன்னியின் செல்வன்’ பார்த்த வகுப்பில் “நாங்க அநுராதபுரத்தைப் பிடிச்சம்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. திரை நாயகனின் பக்கத்தைத் தன் பக்கமாகப் பிள்ளை எடுத்துக்கொண்டுவிட்டது. 993 அளவில் சோழர் இலங்கைமீது படையெடுத்ததையும், 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதையும், 1070இல் முதலாம் விஜயபாகு சோழராட்சியை முடித்ததையும் கரும்பலகையில் ஒரே வரிசையில் எழுதிவிட்டு, அம்பாறையில் சிங்கள மொழியில் படிக்கும் ஒரு மாணவன் இதே காட்சியை எப்படிப் பார்ப்பான் என்று கேட்கலாம். கேட்டதும் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். விடையை ஆசிரியர் முந்திச் சொல்லிவிடாதிருப்பது நல்லது.

திரையின் அலங்காரத்தை அக்காலத்தின் தோற்றமென்று நம்பவிடுவதும் தவறே. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதம் பொலன்னறுவையைக் கடந்துதான் செல்கிறது. அங்குள்ள இரண்டாம் சிவாலயம், கல்வெட்டில் வானவன்மாதேவி ஈச்சரம் எனப்படும் சோழர் காலக் கற்கோயில், திரையில் காணும் பிரமாண்டத்துக்கு முன் அளவில் மிகச் சிறியது. கல்விச் சுற்றுலா பொலன்னறுவைக்கென்றால், படக்காட்சியை அதே தவணையில் வைத்துக்கொள்வதே பயன் தரும்.