சுங்கை சிப்புட்டிலிருந்து சால்ஸ்பர்க்: தோள்பையோடு மூன்று நாள்

செம்பனைத் தோட்டத்து ஆளுக்கு ஆல்ப்ஸ் மலை எதற்கு என்று எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் கேட்பார்கள், கேட்கட்டும். சால்ஸ்பர்க் இருப்பது ஆஸ்திரியாவில், மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே 90 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். 1920இல் தொடங்கிய இசைவிழா அப்போதுதான், தங்கும் விடுதியில் ஒரு கட்டிலுக்கே விலை எகிறிவிடும்.

வியன்னாவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். இறங்கியதும் சால்ஸ்பர்க் கார்டு வாங்குங்கள், 48 மணி நேரம் செல்லுபடியாகும் கார்டு போதும். நகரப் பேருந்து, அருங்காட்சியகங்கள், 1077இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு ஏறும் மலைரயில் எல்லாம் அதில் அடங்கும். இசைமேதை மோட்சார்ட் 1756இல் பிறந்த வீடு கெட்ரைடகாஸ் தெருவில், 9ஆம் எண், மஞ்சள் சுவர். கூட்டம் சேருமுன் காலையிலேயே நுழைந்துவிட்டால், சிறுவயதில் அவர் வாசித்த குட்டி வயலின் முன்னால் யாரும் இடிக்காமல் நிற்கலாம். நான் அங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன்.

அவர் பெயரில் உருண்டைச் சாக்லேட் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 1890இல் முதலில் செய்த கடையின் உருண்டை நீல, வெள்ளித் தாளில் வரும், அதையே வாங்குங்கள். கடித்தால் நடுவில் பச்சை நிறத்தில் பிஸ்தா தெரியும்.

மிராபெல் தோட்டம் இலவசம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு, ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், பையில் நாலு மெகி மீயும் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். குடையை மறக்காதீர்கள், மழை நம் ஊர் மாதிரிதான், ஆனால் குளிரும்.