தென்னந்தோப்புக்கு எந்தச் செயின்சா? வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பொழுது விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் தென்னை மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. வழியை மறித்த மரங்களை அகற்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செயின்சா என்ற மரம் அறுக்கும் மெஷின் தேவைப்பட்டது. கையில் கிடைத்ததை வாங்கியவர்களில் நானும் ஒருவன். 58 சிசி இன்ஜின், 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு). பத்து நிமிடம் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். புயல் வேலை முடிந்த பிறகு தோப்பில் அதற்கு வேலையே இல்லை. கிளை கழிக்கவும் விறகு துண்டாக்கவும் அது ரொம்பக் கனம். புதிதாக வாங்குகிறவர்கள் அந்தத் தவற்றைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் கயிறு எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கயிறோடு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். அறுக்கப் போகும் மரத்தின் சுற்றளவை அளந்து மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ அதன் விட்டம் கிடைத்துவிடும். மூன்றடிச் சுற்றளவுள்ள தென்னை என்றால் 36 அங்குலம். விட்டம் 12 அங்குலம். அதற்கு மேல் இரண்டு அங்குலமாவது பார் நீளமாக இருக்க வேண்டும். அந்தத் தென்னைக்கு 14 போதும், 16 தாராளம்.

இருப்பதிலேயே பெரிய மரத்தை அளந்து அதற்கேற்ற மெஷினைத் தேடாதீர்கள். வருடம் முழுக்க எதை அதிகம் அறுக்கப் போகிறீர்களோ அதுதான் கணக்கு. கிணற்றடிப் புளியமரம் பத்து வருடத்துக்கு ஒருமுறை விழலாம். அதற்குப் பெரிய மெஷினோடு ஆளை வாடகைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். தென்னை மட்டையும் விறகும் மாதாமாதம் வரும்.

2. வேலையைப் பார்த்து மெஷின்

முருங்கை, கொய்யா, மா கவாத்துக்கு ஒரு கையில் அடங்கும் பேட்டரி மெஷினே போதும். நாலு முதல் ஆறு அங்குல பாரோடு வரும். வீட்டுத் தோட்டத்தோடு வேலை முடிகிறது என்றால் பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

கரண்டில் ஓடும் மெஷினில் 16 அங்குலம் வரை நன்றாக இழுக்கும், பராமரிப்பும் குறைவு. ஆனால் மெல்லிய வயரை நீளமாக இழுத்து ஓட்டினாலோ, ஊரில் வோல்டேஜ் குறைவாக இருந்தாலோ மோட்டார் சூடாகிக் கருகும். ப்ளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் விறகு அறுக்கிறவர்களுக்கு மட்டுமே இது சரி.

சீமைக்கருவேல் கொஞ்சம் வேறு கதை. ஒரே தூரிலிருந்து பல கம்புகள் கிளம்பி முள்ளும் பின்னலுமாக நிற்கும். நீளமான பார் இருந்தால் தள்ளி நின்று அறுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. நீங்கள் ஒரு கம்பை அறுத்துக்கொண்டிருக்கும்போது பாரின் மூக்கு பின்னால் இருக்கும் இன்னொரு கம்பில் முட்டும். மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் ஒரு நொடிக்குள் மேல்நோக்கி, உங்கள் முகத்தை நோக்கி எகிறும். செயின்சா விபத்துகளில் மிக மோசமானவற்றுள் இது ஒன்று. அதனால் புதருக்கு 14 அல்லது 16 அங்குலம், 35 முதல் 40 சிசி. மூக்கு எங்கே இருக்கிறது என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தென்னை, சவுக்கு, தைலமரம் எல்லாம் சேர்ந்து இருக்கிற தோப்புக்கு 16 அல்லது 18 அங்குலம், 40 முதல் 50 சிசி பெட்ரோல் மெஷின். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான். வைரம் பாய்ந்த புளி, வேம்பு, கருவேல அடிமரத்துக்கு 60 சிசிக்கு மேல், 20 அங்குலத்துக்கு மேல் வேண்டும். அது பழகிய கைக்கு உரியது.

சின்ன இன்ஜினில் நீளமான பாரை மாட்டினால் பெரிய மெஷின் ஆகிவிடாது. செயின் வேகம் குறையும், பாரின் நுனி வரை ஆயில் போய்ச் சேராது, செயினும் பாரும் சீக்கிரம் தேயும். தயாரிப்பாளர் அந்த மாடலுக்குச் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

3. செயினைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லோரும் சிசியைக் கேட்கிறார்கள், செயினைக் கேட்பவர் குறைவு. மரத்தை அறுப்பது செயின்தான். இன்றைய செயின் பல்லின் வடிவமே ஒரு புழுவைப் பார்த்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ், 1946-இல் மரத்தைக் குடையும் வண்டுப்புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக அசைத்துத் தின்று முன்னேறுவதைக் கவனித்தார். அதேபோல் இடப்பல், வலப்பல் மாறி மாறி வரும் செயினைச் செய்தார்.

மாற்றுச் செயின் வாங்கும்போது மூன்று எண்கள் வேண்டும். ஒன்று பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதி, சின்ன மெஷினில் பெரும்பாலும் 3/8 அங்குல லோ புரொஃபைல் (உயரம் குறைந்த வகை), நடுத்தர மெஷினில் .325 அங்குலம். இரண்டு, பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்: .050, .058 அங்குலம் போன்றவை. மூன்று, அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை. வழக்கமாக இவை பாரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "18 அங்குல செயின் குடுங்க" என்று மட்டும் கேட்டால் பொருந்தாத செயினோடுதான் வீடு திரும்புவீர்கள்.

பல்லில் இரண்டு வகை முக்கியம். மூலை கூராக இருக்கும் ஃபுல் சிசல் சுத்தமான பச்சை மரத்தில் வேகமாக ஓடும். மண் பட்டால் உடனே மழுங்கும். மூலை உருண்டிருக்கும் செமி சிசல் கொஞ்சம் மெதுவாக அறுக்கும், ஆனால் கூர் நிற்கும். தென்னைக்கு நான் செமி சிசல் தவிர வேறு மாட்டுவதில்லை. தென்னை வெளியே கெட்டி, உள்ளே சோறு. கூடவே அதன் திசுவில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா இருக்கிறது. தரையில் கிடந்து மண் ஒட்டிய தென்னை என்றால் பல்லுக்கு இரட்டை அடி. மெஷினின் பக்கவாட்டு மூடிக்குள் நார் திணிந்து அடைத்துக்கொள்ளும். நாலைந்து மரத்துக்கு ஒருமுறை இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மெஷின் வாங்கும் அன்றே பல் தீட்ட வட்ட அரமும் வாங்கிவிடுங்கள். 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., .325-க்கு 4.8 மி.மீ. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையில் இழுங்கள்.

4. கடையில்

மெஷினைக் கையில் வாங்கி இடுப்பு உயரத்தில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பெட்ரோலும் ஆயிலும் நிரப்பினால் இன்னும் கனக்கும். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக்கைத் தள்ளினால் 'டக்' என்று விழ வேண்டும். பிரேக் சரியில்லாத மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் கயிறும் ஏர் ஃபில்டரும் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற பிராண்டுகள் விலை கூடுதல். அதன் பாதி காரணம் பத்து வருடம் கழித்தும் உதிரி கிடைப்பது.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள். முகமூடியும் காதடைப்பும் உள்ள ஹெல்மெட், முனை கெட்டியான ஷூ, செயின்சாவுக்கென்றே வரும் கால் கவசம், இவற்றுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட். வேட்டியோடும் செருப்போடும் அறுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஏணியில் ஏறியோ, தோளுக்கு மேலே தூக்கியோ அறுக்கவே கூடாது.

5. முதல் நாள்

பெட்ரோலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலக்காமல் ஓட்டினால் இன்ஜின் இறுகி நின்றுவிடும். கையேட்டில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. பாருக்குத் தனி ஆயில் டேங்க். வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை அதில் ஊற்றாதீர்கள்; அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்பைத் தின்னும், அந்த அழுக்கு உங்கள் மண்ணில்தான் சிந்தும்.

செயினைப் பாரின் நடுவில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் தொங்கக்கூடாது, உறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். புதுச் செயின் முதல் அரைமணியில் நீளும். நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.

அறுக்கும் முன் பாரின் மூக்கை வெளிறிய அட்டை ஒன்றுக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் பிடித்து முடுக்குங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் ஆயில் வருகிறது என்று அர்த்தம். பிறகு தரையில் படாமல் கட்டைமேல் தூக்கி வைத்த காய்ந்த சவுக்குக் கம்பில் ஆரம்பியுங்கள். சில்லு சில்லாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு போலத் தூள் பறந்தால் அழுத்தாதீர்கள்; இன்ஜினை நிறுத்தி அரத்தை எடுங்கள்.