அப்பாயியிடம் கதை கேட்கும் முறை

"உன் வாழ்க்கையைப் பத்திச் சொல்லு அப்பாயி" என்று கேட்டால் ஒன்றும் தேறாது. "என்னத்தச் சொல்ல, வாக்கப்பட்டு வந்தேன், ஆக்கிப் போட்டேன், வயசாயிடுச்சு" என்று முடித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போய்விடுவார். அந்தத் தலைமுறைப் பெண்களிடம் அவர்களுடைய வாழ்க்கையை ஒரு பொருட்டாக யாரும் கேட்டதில்லை. அதனால் வாழ்க்கையைக் கேட்காதீர்கள், சாமானைக் கேளுங்கள். "நீ வந்தப்போ இந்த வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?" இப்படி ஒரு கேள்வி போதும். அடுப்பு இருந்த மூலை, அந்தப் புகை, விறகுக்கு எங்கே போனார்கள், மாமியார் எத்தனை மணிக்கு எழுப்புவார் என்று தானாகவே வரும். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பாயியிடம் கேட்டு எழுதியபோது எனக்குப் பலித்த வழிகளைத்தான் கீழே சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஆத்தாவோ அம்மாயியோ அம்மாச்சியோ, ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். சீரியல் ஓடும்போது கிட்டேயே போகாதீர்கள். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, கையில் ஏதாவது வேலை இருக்கும்போது உட்காருங்கள். புளியில் கொட்டை எடுப்பது, கீரை ஆய்வது, பூக்கட்டுவது, எதுவானாலும் சரி. கை ஓடினால் வாய் ஓடும். நீங்களும் கூட உட்கார்ந்து கீரை ஆயுங்கள். எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் கணக்கெடுக்க வந்த ஆளிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒலிப்பதிவுக்கு கைப்பேசியே போதும். ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் அவருக்குப் பக்கத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் உலக்கை போட்டாலும் அரிவாள்மனை நகர்ந்தாலும் அதுதான் பெரிதாகக் கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் மெல்லிய குரலைத் தின்றுவிடும். முதலில் தேதியையும் இடத்தையும் நீங்களே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். அன்றைக்கே கோப்புக்கு "அடுப்பு, மாமியார்" என்று புரிகிற மாதிரி பெயர் வைத்து வேறொரு இடத்திலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். பதிவு செய்கிறீர்கள் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். ஒளித்து வைத்து எடுப்பது நல்லதில்லை.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி: வருஷம் கண்டுபிடிப்பது. ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியை நம்ப வேண்டாம். பள்ளிக்கூடமே போகாத பெண்ணுக்கு யாரோ ஒருவர் உத்தேசமாகப் போட்ட தேதியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அவருக்குத் தமிழ் மாதமும் நட்சத்திரமும் தெரிந்தால் அது பெரிய துப்பு. ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் பொதுவாக ஒருமுறைதான் வரும், எப்போதாவது இரண்டு. தமிழ் வருஷத்தின் பெயரும் கிடைத்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தில் நாளையே பிடித்துவிடலாம். அறுபது வருஷச் சுற்று என்பதால் கணக்கு எளிது. 2024 சித்திரையில் பிறந்தது குரோதி என்றால் 1964 சித்திரையில் பிறந்ததும் குரோதிதான்.

அதுவும் இல்லாவிட்டால் புயலைக் கேளுங்கள். டெல்டாக்காரர்களுக்குப் புயல்தான் காலண்டர். எங்கள் அப்பாயி "பெரிய புயல் அடிச்ச சமயத்துல கல்யாணம்" என்றார். எந்தப் புயல்? 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினம் பக்கம் ஒன்று அடித்தது. 1955 டிசம்பர் தொடக்கத்தில் ராஜாமடம் பக்கம் இன்னொன்று. இரண்டுமே கார்த்திகை மாதம். மாதத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அதனால் கூரையைக் கேட்டேன்.

"புயல்ல எந்த வீட்டுக் கூரை போச்சு?"

"எங்கப்பா வீட்டுக் கூரைதான். நாங்க எல்லாம் மாட்டுக்கொட்டாயில ஒண்டிக் கெடந்தோம்."

"இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"இங்க கொல்லையில நின்ன ரெண்டு தென்னை சாஞ்சுச்சே, அது அடுத்த புயலுடா. உங்க தாத்தா அதுலதான் வாய்க்காலுக்குப் பாலம் போட்டாரு."

முதல் புயலில் பிறந்த வீடு, இரண்டாவதில் புகுந்த வீடு. அப்படியானால் கல்யாணம் இரண்டுக்கும் நடுவில். அதற்கு மேல் நெருக்க வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் அதே முகூர்த்தத்தில் கல்யாணம் ஆனவர்களைக் கேட்கலாம்.

இதே மாதிரி எல்லோருக்கும் நினைவிருக்கும் ஆணிகள் சில உண்டு. எம்.ஜி.ஆரைச் சுட்டது 1967 ஜனவரி 12. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. நாகப்பட்டினத்தை மறுபடி புயல் அடித்தது 1977 நவம்பர் 12. "அப்போ சித்தப்பா இடுப்புல இருந்தாரா, நடந்தாரா?" என்று பிள்ளைகளின் வயதோடு இவற்றைக் கோத்தால் ஒரு பத்தாண்டு முழுக்க நேராகிவிடும். வயல்வேலை பார்த்தவர் என்றால் நெல்லும் உதவும். ஆடுதுறை 27-ம் ஐ.ஆர். எட்டும் வந்தது அறுபதுகளின் நடுவில். காசை மட்டும் நம்பாதீர்கள். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்த பிறகும் இருபத்தைந்து காசை நாலணா என்றுதான் எண்பதுகள் வரை நம் ஊரில் சொன்னார்கள். ஓட்டைக் காலணாவைக் கையில் வைத்து விளையாடிய கதை வந்தால் சரி, அது 1943-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அடுத்தது நகை. என்னைக் கேட்டால் ஒரு பெண்ணின் பொருளாதார வரலாறு முழுக்க இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு உருப்படியாகக் கேளுங்கள்: பிறந்த வீட்டில் என்ன போட்டார்கள், புகுந்த வீட்டில் என்ன போட்டார்கள், இப்போது எங்கே. எங்கள் அப்பாயியின் ரெட்டைவடச் சங்கிலி 77 புயலுக்கு அப்புறம் கூரை வீட்டை ஓட்டு வீடாக்கப் போனது. காப்பு பெரியப்பாவின் படிப்புக்கு அடகு போய் மீளவே இல்லை. மூக்குத்தியைக் கேட்டபோது மட்டும் சிரித்தார். அதைத் தாத்தா ஒருமுறை கேட்டதாகவும், "மூக்கோட அறுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வண்டி ஏறிவிட்டதாகவும் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாத சண்டை. சண்டையைப் பற்றி நேராகக் கேட்டிருந்தால் "எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லை" என்றுதான் பதில் வந்திருக்கும்.

டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கிரயப் பத்திரத்தில் பாட்டிகள் "இன்னாருடைய மனைவி" என்று ஒரு வரியில் அடங்கிவிடுவார்கள், அதனால் அதில் நிறைய எதிர்பார்க்க வேண்டாம். மொய் நோட்டுதான் புதையல். எங்கள் அத்தை கல்யாணத்து நோட்டில் ஐந்து ரூபாய் எழுதியிருந்த ஒரு ஊர்ப்பெயர் எனக்குப் புதிதாக இருந்தது. வாசித்துக் காட்டினேன். சின்ன வயதிலேயே இறந்துபோன தன் அக்கா அந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருந்தார் என்றார். அக்கா ஒருவர் இருந்தது என் அப்பாவுக்கே தெரியாது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் வெயில் நேரடியாக விழாத வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, வரி வரியாக வாசித்துக் கேளுங்கள். வேகம் வேண்டாம்.

பிறந்த வீட்டு ஆட்களை விட்டுவிடாதீர்கள். தம்பி, தங்கை யாராவது இருந்தால் அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவர் அப்பாயி இல்லை, யாரோ ஒருவருடைய அக்கா. பேச்சே வேறாக இருக்கும்.

இழந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் முதல் வாரத்திலேயே வேண்டாம். "எத்தனை பிள்ளைங்க?" என்றால் இருப்பவர்களைத்தான் சொல்வார். "பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை?" என்று கேட்பதுதான் வழக்கம். வீட்டில் குப்புசாமி, பிச்சை என்று யாருக்காவது பெயர் இருந்தால் அதற்கு முன் பிறந்தது தங்கவில்லையோ என்று யோசியுங்கள். பிள்ளை நிலைக்க வேண்டுமென்று அப்படிப் பெயர் வைப்பது உண்டு. அவர் அழுதால் பதிவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருங்கள். ஆறுதல் வசனம் எதுவும் தேவையில்லை.

பாட்டு வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நடவுப் பாட்டு உட்கார்ந்த இடத்தில் வராது. வயலோரம் கூட்டிப்போய், குனிந்து நாற்று நடுகிறவர்களைப் பார்த்தால் அடி அடியாக வரும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று மறுத்துவிடுவார்கள். குளத்தங்கரையோ கொல்லையோ பார்த்துக் கேளுங்கள், அதுவும் வெள்ளிக்கிழமை வேண்டாம்.

ஒரே கதையை மறுபடி சொன்னால் "இது சொல்லிட்ட அப்பாயி" என்று வெட்டாதீர்கள். இரண்டாம் தடவை ஒரு ஆள் கூடுவார், ஒருவர் குறைவார். யார் குறைந்தார் என்று பாருங்கள். "இதை எழுதாதடா" என்றால் எழுதாதீர்கள். எங்கள் பதிவில் சின்னப் பாட்டியைப் பற்றி அப்படி ஒரு பகுதி உண்டு. அந்தக் கோப்பை அவர் முன்னாலேயே அழித்தேன்.

தட்டெழுதுவதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சு ஒரு நாளை விழுங்கும். குரலைக் கேட்டு எழுத்தாக்கும் செயலிகள் ஊர்ப்பேச்சில் தடுமாறும், திருத்துகிற நேரத்தில் நாமே அடித்துவிடலாம். அவர் பேசியதை அவர் பேசின மாதிரியே விடுங்கள். "வாக்கப்பட்டேன்" என்றதை "திருமணம் செய்துகொண்டேன்" ஆக்கினால் அது உங்கள் பாட்டி இல்லை. விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் உங்கள் நடையில் இரண்டு வரி சேருங்கள். பிறப்பிலிருந்து வரிசையாகப் போவதைவிட அடுப்பு, வயல், நகை, பிள்ளைகள் என்று பிரித்தால் வாசிக்க நன்றாக இருக்கும்.

அச்சடிப்பதற்கு முன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் அப்பாயி மாமியாரைப் பற்றிய பகுதியில் "இவ்வளவு கெட்டவளா காட்டாத, கடைசியில என் கையாலதான் கஞ்சி குடிச்சா" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். டி.டி.பி. கடையில் எழுத்தைப் பதினாறு பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள், பெரியம்மாக்களும் அத்தைகளும்தான் முதலில் படிப்பார்கள். ஸ்பைரல் பைண்டிங் போதும். கடைசியில் நாலைந்து வெற்றுத் தாள் விட்டால், "அது அப்படி இல்லை, நான் கூட இருந்தேன்" என்று வருகிறவர்கள் அவரவர் கையாலேயே எழுதிக்கொள்வார்கள்.