இத்தாலிய வீடுகளில் பிலிப்பினோ பணியாளர்கள்: பணத்தையும் உரிமையையும் பறிக்கும் தவறுகள்

ரோமிலும் மிலானிலும் வீட்டு வேலைக்கோ முதியோர் பராமரிப்புக்கோ ஆள் தேடுகிறவர்களிடம் பிலிப்பினோக்களுக்கு 1970-கள் தொட்டே நல்ல பெயர். வேலை தெரியாமல் நஷ்டப்படுகிறவர்கள் குறைவு. காகிதத்தைப் பார்க்காமலும், கேட்கக் கூச்சப்பட்டும் நஷ்டப்படுகிறவர்கள்தான் அதிகம்.

சிக்கல் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் தாயின் குடும்பப் பெயர் நடுப்பெயராக வரும். மணமான பெண்ணின் பாஸ்போர்ட்டில் கணவரின் குடும்பப் பெயர் இருக்கலாம். இத்தாலியப் படிவத்தில் நடுப்பெயருக்குக் கட்டமே கிடையாது. அங்கே பெண்கள் மணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள். இதனால் வரி எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலேயில் ஒரு பெயரும், தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவில் இன்னொரு பெயரும் விழுந்துவிடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து ஓய்வூதியப் பதிவு வரை எல்லாம் தடுக்கும். ஒவ்வொரு ஆவணத்தையும் கவுன்டரை விட்டு நகரும் முன்பே பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தேதியில் 05/06 என்றால் அங்கே ஜூன் 5. மே 6 அல்ல. 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது; காற்புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் சென்ட்.

நாட்டுக்குள் வந்த 8 வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் வேலையைக் காலாவதிக்கு 60 நாள் முன்பே ஆரம்பிப்பது நல்லது. விண்ணப்பித்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், புது அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உங்கள் சான்று.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது வருமான வரி. தொழிற்சாலையிலோ உணவகத்திலோ வேலை செய்தால் முதலாளியே வரியைப் பிடித்துக் கட்டிவிடுவார். வீட்டு வேலையில் அப்படி இல்லை. சமூகப் பாதுகாப்பு அமைப்பான இன்ப்ஸுக்குரிய பங்களிப்பை மட்டும் வேலை கொடுக்கும் வீட்டுக்காரர் கட்டுவார். வருமான வரிக்கு அவர் பொறுப்பல்ல. சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதால் எல்லாம் கட்டியாகிவிட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆண்டு வருமானம் 8,500 யூரோவைத் தாண்டினால் பணியாளரே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சில ஆண்டுகள் கழித்து அபராதத்தோடும் வட்டியோடும் கடிதம் வரும். நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதும் வருமானச் சான்று இல்லாமல் மாட்டிக்கொள்வார்கள். ஆண்டில் மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்ற கையெழுத்திட்ட சான்றை ஒவ்வொரு ஆண்டும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, வரி உதவி மையமான காஃபுக்குப் போங்கள். தகுதி உள்ளவர்களுக்குத் திரும்ப வரவேண்டிய சலுகைத் தொகையும் இந்தத் தாக்கல் வழியாகத்தான் வரும்.

அடுத்தது, "வாரம் 25 மணி நேரம் என்று பதிந்துகொள்ளலாமா?" என்ற வீட்டுக்காரரின் இனிப்பான பேச்சு. வாரம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கணக்கில் கட்டும் பங்களிப்பு விகிதம் குறையும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரியும். வீட்டு வேலைக்கான தேசிய ஒப்பந்தப்படி, வீட்டோடு தங்குபவருக்கு வார உச்சவரம்பு 54 மணி நேரம், வெளியிலிருந்து வந்துபோகிறவருக்கு 40. 54 மணி நேரம் உழைத்துவிட்டு 25-க்குச் சம்மதித்தால், டிசம்பரில் வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், பணிக்கொடை, வேலையிழப்பு உதவி, ஓய்வூதியம் எல்லாமே அந்த 25-ன் அளவுக்குச் சுருங்கும். ஊரிலிருந்து பிள்ளைகளை அழைக்கும்போதும் காகிதத்தில் உள்ள வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் இலங்கைத் தமிழர்களுக்கும் இதே தேசிய ஒப்பந்தம்தான். இந்தக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

பங்களிப்பு கட்டும் கடைசி நாட்கள் ஏப்ரல் 10, ஜூலை 10, அக்டோபர் 10, ஜனவரி 10. கட்டினாரா என்று வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சமா? இன்ப்ஸ் தளத்தில் உங்கள் பதிவை நீங்களே பார்க்கலாம். ஐந்து ஆண்டு கடந்தால் கட்டாத தொகையை வசூலிக்கும் காலம் பொதுவாக முடிந்துவிடும்.

கூச்சம் என்றதும் வேலை இடத்துப் பேச்சுக்கு வருவோம். தகலோக்கில் இதை 'ஹியா' என்பார்கள். புரியாவிட்டாலும் ஆமாம் என்பது, கண்டித்தால் புன்னகைப்பது, சம்மதத்துக்குப் புருவத்தை மட்டும் உயர்த்துவது எல்லாம் மணிலாவில் மரியாதை. இத்தாலியப் பாட்டிக்குப் புருவ மொழி தெரியாது. புன்னகையைப் பார்த்தால் கேலி செய்கிறார்கள் என்று நினைப்பார். மாத்திரை வேளை பற்றிய அறிவுரைக்குப் புரியாமல் "ஸீ, ஸீ" என்று தலையாட்டுவது ஆபத்து. "நோன் ஓ கபீத்தோ" (புரியவில்லை) என்று சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் உரக்கப் பேசுவது பெரும்பாலும் கோபமில்லை. மூத்தவர்களிடம் 'லேயி' என்ற மரியாதை வடிவமே பாதுகாப்பு. 'நீ' என்பதற்கான 'தூ' போடும்படி அவர்களே சொல்லட்டும்.

துப்புரவில் தவிர்க்க வேண்டியது ஒன்று முக்கியம்: பளிங்கில் வினிகரோ உப்புக்கறை நீக்கியோ படக்கூடாது. பளிங்கு சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கிய தழும்பு விழும். துடைத்தால் போகாது, கல்லை மெருகேற்றத்தான் வேண்டும். மிதமான சோப்பும் ஈரத் துணியும் போதும். அமில நீக்கியையும் ப்ளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். அலுமினிய மோக்கா காப்பிக் கெண்டியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்துவிடும்; வெந்நீரில் அலசினாலே போதும்.

வீட்டோடு தங்குபவருக்கு வாரத்துக்கு 36 மணி நேர ஓய்வு உண்டு: ஞாயிறு 24 மணி நேரம், இன்னொரு நாளில் 12. பல வீடுகளில் அது வியாழன் பிற்பகல். நல்ல மனிதர்கள் என்று வியாழனை விட்டுக்கொடுத்துப் பழக்கினால் பிறகு திரும்பக் கேட்பது கடினம். விடுப்பு ஆண்டுக்கு 26 வேலை நாட்கள். ஆகஸ்டில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் அங்கும் சமைத்துப் போட்டால் அது வேலை, விடுப்புக் கணக்கில் சேராது.

வேலையை விடும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாரம் 25 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவரை, பணிக்காலம் 5 ஆண்டுக்குள் இருக்கும்போது, வீட்டுக்காரர் நீக்கினால் 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பணியாளராகவே விலகினால் அதில் பாதி போதும். "நீயே ராஜினாமா எழுதிக் கொடு" என்று வற்புறுத்தினால் கையெழுத்திடும் முன் தொழிற்சங்க அலுவலகத்திலோ தொழிலாளர் உதவி மையமான பத்ரொனாத்தோவிலோ காட்டுங்கள். தானாக விலகியவருக்குப் பொதுவாக வேலையிழப்பு உதவி கிடைக்காது. நீக்கப்பட்டவர் 68 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.