புதைபடிவங்களைக் கொண்டு பழங்காலக் கடலை அறிவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இன்று கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், உள்நாட்டில் இருக்கும் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பல பகுதிகள், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி நீண்ட காலம் கடலுக்கு அடியில் இருந்தன. அங்கு கிடைத்த சிப்பிகளையும், கணவாயின் உறவினமாகச் சுருள் ஓட்டுடன் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட்டுகளையும் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இலேயே விவரித்தார். 1860-களில் நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்டு அந்தப் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றில் இருந்த உயிரினங்களை விரிவாகப் பதிவு செய்தார். இந்தக் கட்டுரை பெயர் சூட்டுவதைப் பற்றியதன்று. ஒரு புதைபடிவத்தைப் பார்த்து, அது வாழ்ந்த கடல் எவ்வளவு ஆழமானது, அலை மிகுந்ததா, அடித்தரை சேறா மணலா, அங்கே யார் யாரை உண்டார்கள் என்று ஊகிக்கும் முறையைச் சென்னையில் இருப்பவர்கள் படிப்படியாகப் பழகுவதற்காக எழுதப்பட்டது.

முதல் படி: உயிருள்ள கடலில் பயிற்சி

பழைய கடலைப் படிப்பதற்கு முன் இன்றைய கடல் தன் சிப்பிகளை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ அலை விட்டுச் சென்ற கிளிஞ்சல் வரிசையில் ஒரு மீட்டர் நீள அகலமுள்ள சதுரத்தைக் குச்சியால் வரைந்துகொள்ளுங்கள். அதற்குள் கிடக்கும் ஓடுகளில் முழுமையானவை எத்தனை, உடைந்தவை எத்தனை, இரண்டு ஓடுகளும் பிரியாமல் சேர்ந்திருப்பவை எத்தனை, குழிவான பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடப்பவை எத்தனை என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு ஒரே வகை மட்டியின் ஓடுகளை மட்டும் எடுத்து, இடது ஓடு, வலது ஓடு என்று இரண்டு குவியல்களாகப் பிரியுங்கள். உயிரோடு இருந்தபோது இரண்டும் சமமாகவே இருந்தன. இப்போது ஒரு குவியல் கணிசமாகப் பெரிதாக இருந்தால், அலைகள் அவற்றைத் தரம் பிரித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன என்று பொருள். கவிழ்ந்த நிலையில்தான் ஓடு நீரோட்டத்தால் எளிதில் புரட்டப்படாமல் நிற்கும் என்பதால், கவிழ்ந்த ஓடுகள் மிகுதியாக இருப்பதும் ஓடும் நீரின் அடையாளமே.

இரண்டாம் படி: இறந்த இடமா, வந்து சேர்ந்த இடமா?

என் கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி. தொடக்கநிலையினர் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒரு புதைபடிவம் முதலில் தான் புதைந்த இடத்துக்குத்தான் சாட்சி. அது வாழ்ந்த இடத்துக்கும் சாட்சியாகுமா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்த கல்மரம் கடலில் படிந்த பாறைகளுக்கு நடுவே கிடக்கிறது. மரம் இருக்கிறதே, அப்படியானால் இது காடு என்று முடிவு கட்டினால் சுற்றியுள்ள பாறை அதை மறுத்துவிடும். நிலத்தில் வளர்ந்த மரம் நீரில் அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதைந்தது என்பதே அதன் விளக்கம்.

அம்மோனைட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றின் ஓடு காற்றறைகள் கொண்டது என்பதால், உயிர் பிரிந்த பிறகு சில ஓடுகள் மிதந்து வேறிடம் சென்றிருக்கக்கூடும். ஆகவே அம்மோனைட் அந்தப் பாறையின் வயதைச் சொல்வதில் வல்லது. கடலடித் தரையைப் பற்றி அதனிடம் கேட்பதில் பயன் குறைவு. மாறாக, இரண்டு ஓடுகளும் சேர்ந்தபடி, உயிரோடு மண்ணுக்குள் நின்ற அதே நிலையில் இருக்கும் மட்டி கிடைத்தால் அதை முழுமையாக நம்பலாம். இறந்தபின் தசைநார் அழுகி ஓடுகள் பிரிவதற்குள் அது புதைந்திருக்கிறது.

மூன்றாம் படி: உருவத்திலிருந்து வாழ்முறை

மட்டி ஓட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்புக்கு இணையாக மெல்லிய ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு பின்பக்கத்தில் உள்நோக்கி வளைந்து ஒரு குடாவைப் போல இருந்தால், அந்த உயிரி நீர்க்குழாயை உள்ளிழுத்துக்கொள்ளும் வகை. குடா ஆழமாக ஆழமாக, அது மணலுக்குள் ஆழமாகப் புதைந்து வாழ்ந்தது என்று கொள்ளலாம். குடாவே இல்லாமல், ஓடு தடித்து, ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் அது தரைமேல் கிடந்த அல்லது பாறையில் ஒட்டிய சிப்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். அரியலூர் பகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகச் செறிந்திருப்பது, சிப்பிகள் கூட்டமாக வாழ்ந்த ஆழமற்ற கடற்பரப்பை நினைக்க வைக்கிறது.

உப்புத்தன்மைக்கும் இப்படியே ஒரு வழி உண்டு. பவளம், கடல் முள்ளெலி, அம்மோனைட் ஆகியவை நன்னீரில் வாழ்பவை அல்ல. அவை பல இனங்களாகக் கலந்து கிடைத்தால் இயல்பான கடல்நீர். ஒன்றிரண்டு இனங்கள் மட்டும் மிகப் பெரிய எண்ணிக்கையில் கிடைத்தால், பழவேற்காடு ஏரி போன்ற, உப்பின் அளவு அடிக்கடி மாறும் நீர்நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நான்காம் படி: யார் யாரை உண்டார்கள்

கடற்கரையில் பொறுக்கிய ஓடுகளில் மேல்முனைக்கு அருகே வட்டமாகத் துளையிடப்பட்டவை நிச்சயம் கிடைக்கும். கை லென்ஸ் வைத்து அந்தத் துளையின் விளிம்பைப் பாருங்கள். வெளிப்புறம் அகன்று உட்புறம் சுருங்கி, புனல் போலச் சரிந்திருந்தால் அது, ஓட்டைத் துளைத்து இரையை உண்ணும் நிலவு நத்தை வகையின் வேலை. விளிம்பு நேராக இறங்கினால் பெரும்பாலும் முள்சங்கு வகை. துளை உள்ளே எட்டாமல் பாதியில் நின்றிருந்தால் வேட்டை தோற்றது. இந்த வகைத் துளைகள் கிரெட்டேசியஸ் கால ஓடுகளிலும் காணப்படுகின்றன. நூறு ஓடுகளில் எத்தனையில் துளை, அவற்றில் எத்தனை பாதியில் நின்றவை என்று எண்ணினால், எலும்போ பல்லோ இல்லாமலேயே ஒரு உணவுச் சங்கிலியின் ஒரு கண்ணி நம் கையில் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சான்று இதுதான்.

ஐந்தாம் படி: பாறையையும் கேளுங்கள்

மெல்லிய களிமண் அமைதியான நீரில் படியும். பரு மணலும் நொறுங்கிய ஓடுகளும் அலையின் வேகத்தைக் காட்டும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் களிமண் மேடுகளில் பெலெம்னைட் என்னும், கணவாய் போன்ற அழிந்துபோன உயிரியின் துப்பாக்கித் தோட்டா வடிவப் படிவங்களோடு பளபளக்கும் ஜிப்சம் பட்டைகளும் தென்படும். ஜிப்சத்தைக் கண்டதும் கடல் வற்றிய உப்பளம் என்று எழுதிவிட வேண்டாம். அந்தப் பட்டைகள் களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. ஆகவே களிமண் படிந்த பிறகு விரிசல்களில் உருவானவை. அங்கிருந்து எதையும் பெயர்த்து எடுக்காமல், அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டால் போதும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவிலும் புதைபடிவங்களைப் பார்த்து வரைந்து பழகலாம்.

பெலெம்னைட் படிவம் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது; அதில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளின் விகிதம் நீரின் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். வேதியியலாளர் ஹரால்ட் யூரே குழுவினர் 1951-இல், கிரெட்டேசியஸுக்கு முந்தைய ஜுராசிக் காலப் பெலெம்னைட் ஒன்றின் வளர்ச்சி வளையங்களை வரிசையாக ஆய்ந்து, அது கண்ட கோடைகளையும் குளிர்காலங்களையும் பிரித்துக் காட்டினார்கள். இதற்கு ஆய்வகம் தேவை. ஆனால் முறை இருப்பதை அறிந்திருப்பது நல்லது.

ஆறாம் படி: கண்ணுக்குத் தெரியாதவை

ஆழத்தை மதிப்பிட ஃபோரமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் மிகவும் உதவும். பழவேற்காடு ஏரிக்கரைச் சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்து, அதில் கழுவும் முறையைப் பழகலாம். உலர்த்தி உதிர்த்த சேற்றைச் சிறிது சலவை சோடா கலந்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, 63 மைக்ரான் சல்லடையில் தெளிந்த நீர் வரும் வரை மெதுவாகக் கழுவி, எஞ்சியதை உலர்த்தி நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முந்தைய மாதிரியின் ஒரு ஓடு ஒட்டியிருந்தாலும் கணக்கு கெடும்.

உரிய அனுமதியோடு பெறப்பட்ட பழைய களிமண்ணிலும் இதே முறைதான். அறைகள் குமிழ்களாக உருண்டு நிற்பவை பொதுவாக நீரில் மிதந்து வாழ்ந்தவை. மற்ற வடிவங்களில் பெரும்பாலானவை தரையில் வாழ்ந்தவை. கரையோரத்தில் மிதவை வகை மிகக் குறைவு, கரையை விட்டு ஆழம் கூடக் கூட அதன் பங்கு உயரும். குறைந்தது 200 ஓடுகளையாவது எண்ணி விகிதத்தை எழுதுங்கள். அந்த விகிதம் சொல்லும் ஆழமும் நீங்கள் முன்பே மட்டிகளிலும் மண்ணிலும் கண்ட ஆழமும் ஒத்துப்போகவில்லையென்றால், இரண்டாம் படிக்குத் திரும்பி, எந்தச் சான்று வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தது என்று மீண்டும் பாருங்கள்.